நேரிப்பள்ளத்தில் தடைக்காலம்

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஓடைத் தண்ணீர் 14 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு 16. அளவுக்கல்லில் ஒன்றரை அடி. நல்ல தெளிவு. இதெல்லாம் ஆபீஸ் பதிவேட்டில் எழுதியாகிவிட்டது. பதிவேட்டில் எழுத முடியாததற்குத்தான் இந்த நோட்டு.

இன்று ஓடையில் மீன் பிடிக்க உரிமம் வாங்க வந்தவர் ஒருவர்தான், டாக்டர் உத்ரா. குன்னூரில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் வருவார். இடுப்பு வரை ரப்பர் கால்சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒன்பதடி ராடு. தூண்டிலில் புழு கிடையாது. கோழி இறகை நூலில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, அதைச் சாட்டை சுழற்றுவது போல முன்னும் பின்னும் வீசி, தண்ணீர் மேல் வைப்பார். ட்ரவுட் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி எழும்பிக் கவ்வ வேண்டும். ஐந்து மணி நேரம் நின்றார். இரண்டு மீன் சிக்கியது. இரண்டையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, "இன்னிக்கு ரொம்ப நல்ல நாள், ஜெனோவா" என்று சொல்லிக் காரில் ஏறிப் போனார்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. எங்கள் ஊரில் மீன் பிடித்தால் மீன் வீட்டுக்கு வரும். பதின்மூன்று மாதமாக இங்கே மீன்வளத்துறைக் கள உதவியாளராக இருக்கிறேன். இன்னும் இந்த விளையாட்டு எனக்குப் பிடிபடவில்லை. அரசாங்கம் தூக்கிப் போட்ட இடத்தில் விழுந்து கிடக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15, புதன்

இன்று முதல் கடலில் தடைக்காலம். அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் போகாது. அம்மா போன் செய்தாள்.

"அப்பா எங்க?"

"படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்காங்க. ஒன்னைய விசாரிச்சாங்க."

"என்னன்னு?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சும்மா, பொதுவா."

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. போகட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. ஓடைக் கரையில் உண்ணிச்செடி வெட்டவே இன்று நேரம் சரியாக இருந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

வாட்சர் பெள்ளி அண்ணனோடு ஓடையில் கல் புரட்டினேன். அவர் பக்கத்து அட்டியில், படகர் இன மக்களின் ஊரில், இருக்கிறவர். இந்த ஓடையில் முப்பது வருடம். கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பூச்சிகளை எண்ணி எழுதுவது மாதாந்திர வேலை. கோடை பிறந்ததும் அந்தப் பூச்சிகள் இறக்கை முளைத்து மேலே பறக்கும். மாலை நாலு மணிக்குத் தண்ணீர் மேல் சாம்பல் நிறத்தில் எழும்பும்போது, ட்ரவுட் மூக்கை வெளியே நீட்டி நீட்டித் தின்னும். இதற்காகத்தான் ஆட்கள் பெங்களூரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

"மேடம், போன வருசம் ஒரு கல்லுல நாப்பது இருந்துச்சு. இப்போ பதினேழு" என்றார் பெள்ளி அண்ணன்.

"வேற கல்லு பாருங்க."

வேறு கல்லில் பன்னிரண்டு.

ஏப்ரல் 27, திங்கள்

மதியம் 18 டிகிரி. அளவுக்கல்லில் ஒரு அடிக்கும் கீழே. கோடை மழை இன்னும் ஒன்றுகூட இல்லை. மேகம் தினமும் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, போய்விடுகிறது. பெள்ளி அண்ணன் மேகத்தைத் திட்டினார். அவர் திட்டி இப்போதுதான் கேட்கிறேன். படக பாஷையில் திட்டினாலும் இனிமையாகத்தான் இருக்கிறது.

மே 2, சனி

டாக்டர் உத்ரா வந்தார். நேற்று மதியம் 20 டிகிரி என்று சொன்னேன். காலையிலேயே முடித்துக்கொள்கிறேன் என்றார். ஒன்பது மணிக்கு ஒரு மீன், பன்னிரண்டு அங்குலம், வயிற்றோரம் ரோஜா நிறக் கோடு. தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றினார். விட்டார். அது மல்லாந்தது.

இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து, கால்மணி நேரம் குனிந்தபடியே நின்றார். நானும் இறங்கி நின்றேன். செவுள் திறந்து மூடியது. பிறகு மூடவில்லை.

"தண்ணி சூடாயிட்டா காத்து குறைஞ்சிடும். அதால மூச்சை மீட்க முடியல. ஆயிரக்கணக்கான பேரை மயக்கத்துல இருந்து எழுப்பியிருக்கேன், ஜெனோவா" என்றார். ராடை மூன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கடலில் கூடை கூடையாகச் செத்த மீன் பார்த்தவள் நான். இன்று மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம்.

மே 6, புதன்

அப்பா வந்திருக்கிறார்.

மூன்று மணி பஸ்ஸில் இறங்கினார். வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு அட்டைப்பெட்டி. குளிரில் பல் அடித்துக்கொள்கிறது. மே மாத வெயிலை இங்கே நாங்கள் வெக்கை என்கிறோம். அவர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்.

"அம்மை கருவாடு குடுத்து விட்டா. தபால்ல போட்டா நாறும்னுட்டா" என்றார்.

பதினைந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது. தூத்துக்குடியிலிருந்து கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, இங்கே. நான்கு பஸ். கருவாட்டுக்காக.

என் கம்பளியைக் கொடுத்தேன். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை இருப்பது நல்லதாயிற்று.

மே 7, வியாழன்

அப்பா காலை நான்கரைக்கே எழுந்து, எனக்கும் சேர்த்துக் கடுங்காப்பி போட்டுவிட்டார். நான் வெப்பமானியோடு கிளம்பியபோது பின்னாலேயே வந்தார். ஓடையைப் பார்த்தார். நான் தாண்டிவிடுகிற அகலம்தான் அது.

"இதுக்கா ஒரு டிப்பார்ட்மெண்டு?"

பெள்ளி அண்ணன் சிரித்துவிட்டார். இருவருக்கும் அந்த நிமிடமே ஒட்டிக்கொண்டது. மீனைப் பிடித்துத் திரும்ப விடுவார்கள் என்று அண்ணன் விளக்கியபோது, அப்பா என்னைப் பார்க்காமல் அவரிடம் கேட்டார்: "அப்புறம் எதுக்குப் பிடிக்கணும்?"

"அதை நானும் முப்பது வருசமா கேக்கறேங்க" என்றார் அண்ணன்.

மே 8, வெள்ளி

மதியம் 21.5. நேற்று இரண்டு மீன் ஓரமாக ஒதுங்கிச் செத்துக் கிடந்தன.

ஓடையை மூடச் சொல்லி எழுதும் அதிகாரம் கள உதவியாளருக்கு உண்டு. விதிப் புத்தகத்தில் இருக்கிறது, இதுவரை யாரும் எழுதியதில்லை. எழுதினேன். ஆபீஸுக்கு அனுப்பினேன். பலகையில் சுண்ணாம்பால்: "நேரிப்பள்ளம் ஓடை மறு அறிவிப்பு வரை மூடப்பட்டுள்ளது. கெண்டை பிடிக்கக் கீழே அணைக்குச் செல்லவும்."

அப்பா பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இங்கயும் தடைக்காலமா?" என்றார்.

"ஆமா."

"எத்தன நாளு?"

"மழை வர்ற வரைக்கும்."

தலையை ஆட்டினார். எங்கள் ஊரில் தடைக்காலத்தைத் திட்டாத ஆள் கிடையாது. அப்பா அதில் முதல் ஆள். இன்று திட்டவில்லை.

மே 12, செவ்வாய்

இன்று நல்ல வேலை. மேல்வளைவில் ஒரு குட்டை ஓடையிலிருந்து துண்டாகிவிட்டது. முழங்கால் ஆழம், அதற்குள் ட்ரவுட்கள் நெருக்கியடித்துக்கொண்டு. இரண்டு நாளில் வற்றிவிடும். நூறு அடி கீழே, மர நிழலில் ஆழமான மடு இருக்கிறது. பிடித்து அங்கே சேர்க்க வேண்டும். ஆபீஸ் கைவலையில் ஓட்டை.

அப்பா குவார்ட்டர்ஸுக்குப் போய் என் கொசுவலையைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேட்கவில்லை, கழற்றிவிட்டார். இரண்டு பக்கமும் மூங்கில் கழி கட்டி, அடியில் கூழாங்கற்களைச் சுருட்டித் தைத்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பெள்ளி அண்ணன். "மெதுவா, மெதுவா. அதுங்கள வெரட்டாதிய. நாம நடந்தா அதுங்களே நடக்கும்." அரைமணி நேரத்தில் வாளி வாளியாக நாற்பத்தாறு மீன். ஒன்றுகூடச் சாகவில்லை. நான் வாளி தூக்கி ஓடி ஓடி இரண்டு முறை விழுந்தேன். அண்ணன் குழந்தை மாதிரி கை தட்டினார்.

கரையேறி வலையைப் பிழியும்போது அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணி ரொம்பப் பொடிசு. சட்டப்படி தப்பு" என்றார். பிறகு, என்னைப் பார்த்து, "வேணும்னா எழுதிக்க."

அண்ணன் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. நான் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு மடுவைப் பார்க்கப் போனேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

மே 13, புதன்

சரி, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் பிப்ரவரி. நான் எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் துறைப் பயிற்சியில் இருந்தேன். மதியம் கரை சேர்ந்த படகுகளைச் சோதிக்கும் முறை என்னுடையது. ஒரு படகில் இரட்டைமடி வலை இருந்தது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற வலை, அடித்தரையில் இருக்கிற குஞ்சு வரைக்கும் அள்ளிக்கொண்டு வருவது, தடை செய்தது. படகு முதலாளி வேறு ஆள். ஓட்டியது அப்பா.

"ஒங்க அப்பா படகும்மா, விட்டுருங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். அப்பா சொல்லவில்லை. சக்கரத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்த கிளார்க்கிடம் நோட்டைக் கொடுத்திருக்கலாம். அவர் எழுதியிருப்பார். நானே எழுதினேன். படகு எண், ஓட்டுநர் பெயர், தகப்பன் பெயர்.

படகு ஒரு மாதம் கட்டிக் கிடந்தது. முதலாளி பழியை அப்பா மேல் போட்டு அனுப்பிவிட்டார். இருபத்தெட்டு வருடம் சக்கரம் பிடித்தவர், ஐம்பத்தாறு வயதில் இன்னொருத்தர் படகில் வலை இழுக்கப் போகிறார். வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்தினார்.

அரசாங்கம் என்னை இங்கே தூக்கிப் போடவில்லை. கடல் இல்லாத இடமாக நானே கேட்டு வாங்கினேன்.

மே 14, வியாழன்

ஆபீஸிலிருந்து அதிகாரி போன். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து நாலு பேர் வருகிறார்களாம், முன்பே உரிமம் போட்டவர்கள், பெரிய இடத்துச் சிபாரிசு.

"ஒரு நாள்தானேம்மா. சனிக்கிழமைக்கு மட்டும் பதினெட்டுன்னு போட்டுடு."

"இருபத்திரண்டு இருக்கு சார்."

"உனக்குத் தகுதிகாண் பருவம் எப்ப முடியுது?"

"ஜூன்ல சார்."

"ஞாபகம் இருந்தாச் சரி."

இரண்டு முறை சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். அப்பா கருகியதையே போட்டுத் தின்றார்.

மே 16, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. நாலு பேர், எல்லாம் நாற்பது வயதுக்காரர்கள், நல்ல மாதிரிதான். மூத்தவர் பெயர் ஹரிகோபால். பலகையைக் காட்டினேன். வெப்பமானியை ஓடையில் விட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். காலையிலேயே 20.

"நாங்க மீனைக் கொல்ல வரல மேடம். பிடிச்சு விட்டுடத்தான் போறோம்."

"விட்டாலும் பிழைக்காது சார். டாக்டர் கையிலயே போயிருச்சு."

அவர் அதிகாரியைப் போனில் பிடித்து என்னிடம் நீட்டினார். அதிகாரி நேராகவே சொன்னார், திறந்துவிடு என்று. குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"எழுத்துல அனுப்புங்க சார். வந்ததும் திறந்துவிடுறேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

ஹரிகோபால் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், நட்பாகத்தான் கேட்டார். "மேடம், நீங்க எழுதாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அப்பா குவார்ட்டர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து, என் கொசுவலையைக் கழியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"தம்பி, வீணா நிக்காதிய. அவ எழுதுவா."

"நீங்க யாருங்க?"

"அவளப் பெத்தவன். போன வருசம் என் படகையே எழுதுனா. நான் சக்கரத்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எழுதுனா. எம் பேரு, எங்க அப்பன் பேரு, எல்லாம் பிழையில்லாம. எனக்கே விடாதவ, ஒங்களுக்கா விடப் போறா?"

ஹரிகோபால் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் அவர் நண்பர்களில் ஒருவர் சிரித்தார், பிறகு அவரும். "அணையில கெண்டை உண்மையிலேயே நல்லா இருக்கா?" என்று கேட்டார். பெள்ளி அண்ணன் ஜீப்பில் ஏறிக்கொண்டு வழி காட்டப் போனார்.

ஜீப் சத்தம் அடங்கிய பிறகு அப்பா சொன்னது: "டீ போடு."

போட்டேன். சர்க்கரை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல. முழுக்கக் குடித்தார்.

மே 17, ஞாயிறு

அவர்களுக்கு அணையில் ஆறு கிலோவில் ஒரு கெண்டை கிடைத்ததாம். நன்றி சொல்லி எனக்குப் படம் அனுப்பியிருக்கிறார்கள். அதே படம் அதிகாரிக்கும் போயிருக்கிறது.

மே 19, செவ்வாய்

விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம். ஏப்ரல் ஒன்றிலிருந்து நேற்று வரையிலான அளவுகளை அப்படியே நகல் எடுத்து அனுப்பினேன். டாக்டர் உத்ரா கேள்விப்பட்டு, தான் கண்டதைத் தனியாக இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். மருந்துச் சீட்டு எழுத்து. யாராலும் வாசிக்க முடியாது. ஆனால் பார்க்கக் கனமாக இருக்கிறது.

மே 22, வெள்ளி

மழை.

ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தது. தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. நானும் அப்பாவும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வறுத்த நெத்திலியைத் தின்றுகொண்டே ஓடையைப் பார்த்தோம். தண்ணீர் டீ நிறத்தில் ஏறியது. சத்தம் கொஞ்சம் குறைந்தபோது அவர் பேசினார், ஜன்னலைப் பார்த்து.

"அந்த வலையில என்ன வந்துச்சுன்னு நீ கரையிலதான் பாத்த. நான் கடல்லயே பாத்தேன். வெரல் நீளம் இல்லாத குஞ்சு. அள்ளி அள்ளித் திரும்பக் கடல்ல தள்ளுனோம், எல்லாம் செத்தது. மொதலாளி போடச் சொன்னான், போட்டேன். நீ எழுதுனது எனக்குக் கோவமில்ல."

"அப்புறம் ஏன்ப்பா பேசல?"

ரொம்ப நேரம் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வெக்கமா இருந்துச்சு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. தட்டில் இருந்ததைச் சரிபாதியாகப் பிரித்துத் தின்று முடித்தோம்.

மே 29, வெள்ளி

ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. காலை 13, மதியம் 15. அளவுக்கல்லில் ஒன்றே முக்கால் அடி. கலங்கல் தெளிந்துவிட்டது. நேற்று மாலை நாலு மணிக்குப் பூச்சி எழும்பியது. ஓடையைத் திறந்தேன்.

டாக்டர் உத்ரா ஏழு மணிக்கே வந்தார். அப்பாவைப் பார்த்து, "ஒரு கை பாக்கறீங்களா, மிக்கேல் சார்?" என்று ராடை நீட்டினார். அப்பா உரிமம் இல்லாமல் தொட மாட்டேன் என்றார். என்னைப் பார்த்தே சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

முதல் வீச்சில் பெள்ளி அண்ணன் தொப்பி போயிற்று. இரண்டாவதில் ஒரு மரக்கிளை. மூன்றாவதில் அப்பாவின் சொந்த வேட்டி. நாற்பது வருடம் கடலில் இருந்த ஆள், முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு கோழி இறகோடு மல்லுக்கட்டுகிறார். டாக்டர் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்துவிட்டது. பதினொன்றரை மணிக்கு எப்படியோ அந்த இறகு விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

மீன் எழும்பிக் கவ்வியபோது அப்பா முகத்தை நான் பார்த்தேன். இந்த ஊரில் எல்லாரும் எதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள் என்று கொஞ்சம் புரிந்தது.

பதினான்கு அங்குலம். உரிமத்துக்கு இரண்டு மீன் எடுத்துக்கொள்ளலாம். மீனை விட்டுவிடுவார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அப்பா நேராகச் சமையலறைக்கு நடந்தார். புளி ஊற்றிக் குழம்பு வைத்தார். நாலு பேரும் சாப்பிட்டோம். "சப்புனு இருக்கு. உப்புத் தண்ணி குடிக்காத மீனு" என்றார். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார்.

ஜூன் 3, புதன்

தகுதிகாண் பருவம் திருப்திகரமாக முடிந்தது என்று உத்தரவு வந்தது. காரணம் ஏதும் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

தடை முடிய இன்னும் ஒரு வாரம். வலை சரிபார்க்க, ஐஸ் ஏற்பாடு செய்ய, அப்பா இன்று கிளம்பினார். புதிதாக ஒரு படகுக்காரர் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறாராம். போன வாரமே அம்மா சொல்லிவிட்டாள். அப்பா இன்று பஸ் வரும்போதுதான் சொன்னார்.

"என்ன வலைன்னு கேட்டியளா?"

"கேக்காம இருப்பனா? கேட்டுட்டுத்தான் சரின்னேன்."

பெள்ளி அண்ணன் ஒரு மூட்டை கேரட்டும் முட்டைக்கோசும் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றினார். டிரைவர் முணுமுணுத்தார். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே தலையை நீட்டினார்.

"அடுத்த தடைக்கு அம்மையையும் கூட்டிட்டு வாரேன். அவளுக்குக் குளிரு தாங்காது. ஒரு கம்பளி வாங்கி வையி."

மாலையில் ஊட்டிக்குப் போய் வாங்கினேன். இரண்டு. என்னுடையதை அவர் போர்த்திக்கொண்டே போய்விட்டார்.